ஓட்ஸில் கலந்த பாதாம்

அம்மாவுக்கு,

அத்தை தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் சித்தப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் பையில் இதை வைக்கப்போகிறேன்.

அப்பாவின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டதென்று இன்று டாக்டர் சொன்னபோது நானும் கதவோரம் நின்றேன். "கிட்னி கெட்டவருக்கு என்னம்மா குடுத்தீங்க?" என்று உன்னைத்தான் கேட்டார். "நீங்க எழுதிக் குடுத்ததத் தவிர ஒண்ணும் குடுக்கல சார்" என்று அழுதாய். நீ பொய் சொல்லவில்லை அம்மா.

பள்ளியில் சத்துணவைப் பற்றி எழுதி நான் பரிசு வாங்கிய அட்டை நினைவிருக்கிறதா? பாதாமில் புரதம், நல்ல கொழுப்பு, இதயத்துக்குப் பலம் என்று எழுதியிருந்தேன். அப்பாவுக்குச் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆனதைப் பார்க்க முடியவில்லை. நீ வேலைக்குப் போனபின், தினமும் ஒரு கை பாதாமும் முந்திரியும் அரைத்து அவருடைய ஓட்ஸில் கலந்தேன். பத்து நாள்.

"என்னடி இது, ஓட்ஸா சிமெண்டா?" என்று சிரித்தார்.

"பேசாம சாப்பிடுப்பா, தெம்பு வரும்."

எனக்காக வழித்துச் சாப்பிட்டார்.

டாக்டர் தந்த தாளின் பின்பக்கத்தை இப்போதுதான் படித்தேன். பொட்டாசியம் அதிகம், கூடாது என்ற பட்டியலில் பாதாம், முந்திரி இரண்டும் இருக்கின்றன. ஊருக்கெல்லாம் நல்லது அப்பாவுக்கு ஆகாதென்று எனக்குத் தெரியாது.

காரணம் தெரியாமல் காலையில் மருந்தை மாற்றப்போகிறார்களாம். இந்தக் கடிதம் காலைவரை பையில் கிடந்தால் ஆகாது. அத்தையை எழுப்பிப் போனை வாங்கப்போகிறேன். அழுகையில் பேச்சு வராது. உனக்கு இந்தக் கடிதத்தைத்தான் படித்துக் காட்டுவேன். என்னை அப்புறம் திட்டு அம்மா. முதலில் டாக்டரைக் கூப்பிடு.

உன் சின்னவள்