சம்பந்தி லுங்கியில் ஆடிய கோல்ஃப்

அன்புள்ள மகன் தணிகைமணிக்கு, திருத்தணியிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. மலைமேல் இருப்பவன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் பானுப்ரியாவும் அவள் வயிற்றில் இருக்கும் என் பேரனும் அந்தக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும். உடம்பு சரி, மானம்தான் போய்விட்டது. ஊரில் எவனாவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் உன் மாமனார் எல்லப்பனின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க கோல்ஃப் ஆடினேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள். அதனால் எழுதி, அடுத்த வாரம் கனடா வரும் நம் தெருப் புவனாவிடம் விபூதிப் பொட்டலத்தோடு கொடுத்தனுப்புகிறேன்.

சித்தூர் ரோட்டில் மாந்தோப்பை அழித்து மனை போட்டானே ராஜேஷ், மனை வாங்கினால் கோல்ஃப் கிளப் மெம்பர் என்று சொல்லி என் தலையில் ஒன்றும் உன் மாமனார் தலையில் ஒன்றும் கட்டினானே, அங்கேதான். ஒன்பது குழி வெட்டி வைத்திருக்கிறான். மழை பெய்தால் புல் இருக்கும், இல்லாவிட்டால் ஆடு மட்டும் இருக்கும். குழிக்குக் குழி கொடி நட வேண்டும் என்று அவன் வாய் திறந்ததுதான் தாமதம், உன் மாமனார் பொதட்டூர்பேட்டையில் தன் தறியில் ஓடின லுங்கியை முழுசு முழுசாக இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஒன்பது கம்பத்திலும் கட்டம் போட்ட லுங்கி பறக்கிறது, அவருக்குச் செலவில்லாத விளம்பரம். அன்றிலிருந்து ராஜேஷுக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

கிளப் போட்டி என்று அறிவித்து, எங்கள் இருவரையும் ஒரே ஜோடியாகப் போட்டான் அந்தப் பாவி. கோப்பை எங்களுக்குப் பொருட்டில்லை, அதை யாரோ ஒரு பல் டாக்டர் தூக்கிக்கொண்டு போனார். எங்களுக்குள் பந்தயம் பேரன் பெயருக்கு. மூத்த பேரனுக்கு என் அப்பா துரைக்கண்ணு பெயரை வைப்பதுதான் முறை. உன் மாமனாரோ, தெலுங்கில் மச்சான் முறை வைத்து, எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு பாவா, எங்க நைனா முனிரத்தினம் பேரு என்னோட போயிடக் கூடாது பாவா என்று ஆறு மாதமாக மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். சிந்தினால் விட்டுவிடுவேனா. என் அப்பா தினமும் சைக்கிளில் ஆர்.கே.பேட்டைக்கு வேலைக்குப் போய் வந்து என்னைப் படிக்க வைத்தவர். அவர் பெயரை நான் எதற்கும் வைத்ததில்லை, எலெக்ட்ரிக்கல் கடைக்குக்கூட என் பெயரைத்தான் வைத்துக்கொண்டேன். குறைந்த அடியில் ஒன்பது குழியிலும் பந்தைப் போட்டு முடிப்பவரின் அப்பா பெயர்தான் பேரனுக்கு என்று கையில் அடித்துப் பேசினோம். உன் அம்மாவும் உன் மாமியார் வள்ளிநாயகியும் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்து, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். பையில் என்ன என்று கேட்டால், நீங்க போய் உங்க கோலிய ஆடுங்க என்றாள் உன் அம்மா.

முதல் குழியில் மட்டையை ஓங்கினேன், பந்து அங்கேயே இருந்தது, மட்டை போய் ஒரு ஆட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. உன் மாமனார் எனக்குப் பின்னால் நின்று, ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் ஏலம் விடுகிற மாதிரி என் அடிகளை எண்ணினார். நான் ஓங்கும்போதெல்லாம் அவருக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்ளும், கனைப்பார். இரண்டாவது குழியில் தெய்வம் என் பக்கம் வந்தது. நான் எங்கோ அடித்த பந்து மாமரத்துக் கட்டையில் பட்டுத் திரும்பி உருண்டு நேராகக் குழிக்குள் இறங்கியது. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் மூன்றாவது குழியில் குனிந்து பந்தை வைத்தேன், நீ அனுப்பிய வெள்ளை பேண்ட் பின்பக்கம் டர்ரென்று மேலிருந்து கீழ் வரை பிரிந்தது. உன்மேல் தப்பில்லை, இடுப்பளவை நான்தான் கல்யாணத்தின்போது இருந்த கணக்கில் சொன்னேன். உன் மாமனார் நிதானமாகப் போய்க் கம்பத்திலிருந்த லுங்கியை அவிழ்த்து வந்து நீட்டினார். கட்டிக்குங்க பாவா, நம்ம சரக்குதான், சாயம் போவாது என்றார். அதை அவர் முகத்திலேயே எறிந்திருப்பேன், ஆனால் இரண்டு கையும் பின்னால் மறைப்பதில் இருந்தன. பின்னால் வந்தவர்கள் கொடி இல்லாமல் குழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கொடி என் இடுப்பில் இருந்தது.

லுங்கியில் நன்றாகத்தான் ஆடினேன், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எட்டுக் குழி முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழியில் அவர் பந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் விழுந்தது, திணறித் திணறி முடித்தார். என் பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அதைத் தட்டிப் போட்டால் ஒரு அடி வித்தியாசத்தில் எனக்கு ஜெயம், என் அப்பாவுக்குப் பெயர். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். கல்லாவில் விழும் முதல் நோட்டையும் புதுச் சட்டையையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நம் வீட்டில் தொட்டிருக்கிறோமா. அதே கை, தானாகப் போய்ப் பந்தை எடுத்தது. மலையைப் பார்த்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துத் தட்டினேன், உள்ளே போனது. கையைத் தூக்குவதற்குள் உன் மாமனார், பந்தைக் கையால எடுத்துட்டீங்களே பாவா என்றார். ராஜேஷ் ஓடி வந்தான். எடுத்ததற்கு ஒரு அடி, திரும்ப வைத்ததற்கு ஒரு அடி, ஆக இரண்டு அடி சேர்க்க வேண்டும் என்றான். உலகத்தில் எங்காவது உண்டா இப்படி ஒரு நியாயம். சாமி கும்பிட்டதற்கு அபராதம் போட்ட ஒரே கிளப் நம் ஊரில்தான் இருக்கிறது. உன் மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, ரூலுன்னா ரூலுதானே பாவா என்றார். ஒரு அடியில் தோற்றேன். லுங்கியை அங்கேயே அவிழ்த்துக் கொடுக்கவும் வழியில்லை, வீடு வரை கட்டிக்கொண்டு வந்தேன். துவைத்துக் காயப் போட்டிருக்கிறது, சாயம் போகத்தான் செய்தது.

சொன்ன வாக்கு மாறமாட்டேன். முனிரத்தினம் என்றே வை. ஆனால் வீட்டில் துரை என்று கூப்பிடு, உன் மாமனார் போனில் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடு. பானுப்ரியாவைப் பனியில் நடக்க விடாதே, அவள் என்ன செய்வாள், அப்பா வாய்த்தது அப்படி. முருகன் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், விபூதியைத் தலையணைக்கு அடியில் வையுங்கள். அடுத்த பேண்ட் நாற்பத்திரண்டு அங்குலம், மறக்காதே.

இப்படிக்கு,
தோற்றாலும் உன் அப்பா,
ஆறுமுகம்

பின்குறிப்பு: இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அப்போதுதான் வாயைத் திறக்கிறாள். கனடா டாக்டர் ஸ்கேன் பார்த்துப் பெண் குழந்தை என்று போன மாதமே சொல்லிவிட்டாராம், பானுப்ரியா அன்றைக்கே இரண்டு அம்மாக்களுக்கும் போன் போட்டுவிட்டாளாம். அந்தப் பையில் இருந்தது பாவாடைத் துணி.