வலது ஓரம் தேய்ந்த கரண்டி

சிம்மக்கல், மதுரை
6.3.1978

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நான் சுகம். என் மூட்டுவலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது.

நேற்று மொக்கைச்சாமியின் பழைய சாமான் கடைக்குள் போனேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை வாசலோடு திருப்பிவிடுவார். இப்போது தடுக்க ஆளில்லை. பித்தளைக் குவியலுக்கடியில் ஒரு தட்டைக் கரண்டி கிடந்தது.

“லண்டன் வெள்ளிம்மா, கேக்கு வெட்டுறது” என்றான்.

“வெள்ளி என்றால் பின்னால் சிங்க முத்திரை எங்கே?” என்றேன். நாலு இங்கிலீஷ் எழுத்துகள்தான் இருந்தன. வெறும் முலாம் என்று அர்த்தம். கேக்குக்கு உரியதும் அல்ல, மீன் பரிமாறுவது. துண்டு உடையாமல் எடுக்க அகலம், எண்ணெய் வடிய ஓட்டைகள். நாம் படித்த கான்வென்டில் மதர் மேசைக்குக் கரண்டி அடுக்கியவளிடமா கதை விடுவது?

“நீங்களே கடையில உக்காந்துக்கங்கம்மா, நான் வீட்டுக்குப் போறேன்” என்றான்.

வாங்கிவந்து துடைத்தேன். எலும்புக் கைப்பிடி, கொடியும் இலையுமாக ஓட்டைகள். உன் கல்யாணத்துக்கு நான் தந்ததும் இதே மாதிரிதானே? அது எங்கே இருக்கிறது?

அன்புடன்,
சோலையம்மாள்

திருமங்கலம்
9.3.1978

அடியே சோலை,

போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாயே! நீ கொடுத்தது வெல்வெட் துணிக்குள் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் தூங்குகிறது. இம்புட்டுச் சந்தேகம் உடம்புக்கு ஆகாது.

எள் நன்றாக விளைந்திருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அடுப்படி மருமகள் தங்கப்பொண்ணு ராஜ்ஜியம். என்னை அந்தப் பக்கமே விடுவதில்லை. ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன்,
அன்னக்கொடி

சிம்மக்கல்
13.3.1978

அன்னக்கொடிக்கு,

கரண்டியை வெயிலில் வைத்துப் பார்த்தேன். வலது கைக்காரர்கள் புழங்கினால் இடது ஓரம் தேயும். இதில் வலது ஓரம் முலாம் போய் மஞ்சளடித்திருக்கிறது. முனையெல்லாம் இரும்புக்கல்லில் சுரண்டிய கீறல். கான்வென்டில் சிஸ்டர் ரூல் தடியால் அடித்தும் மாறாத இடது கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான், உன்னுடையது.

பெட்டியைத் திறந்து பார்த்து எழுது. நான் கொடுத்ததை நீ விற்றிருந்தால் இதுவே என் கடைசிக் கடிதம். அடுத்த திங்களன்று இதை முலாம் போடக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
திருமதி சோலையம்மாள்

திருமங்கலம்
16.3.1978

சோலை,

பெட்டியில் இல்லை. எப்படி இருக்கும்? அது பெட்டிக்குள் போனதே கிடையாது. நாற்பது வருஷமாக அதில் தோசைதான் திருப்பினேன். எங்கள் வீட்டில் மீன் என்றால் குழம்பு. குழம்புக்கு எதற்கடி ஓட்டைக் கரண்டி? சொன்னால் மதர் கல்லறையிலிருந்து எழுந்து வருவார் என்று நீ குதிப்பாய். அதனால்தான் வெல்வெட்.

அடுப்படியில் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தங்கப்பொண்ணு அதைப் பாத்திரக்காரனிடம் போட்டு, எனக்கென்று எவர்சில்வர் தோசைக்கரண்டி வாங்கியிருக்கிறாள். “கொத்தனார் கரண்டி மாதிரி தேஞ்சு கெடந்துச்சே அத்தை, பாவம்னு நெனச்சுத்தான் மாத்துனேன்” என்று அழுகிறாள். நான் என்னத்தைத் திட்ட?

நான் விற்கவில்லை சோலை. நம்பினால் எழுது. நம்பாவிட்டாலும் முலாம் மட்டும் போட்டுவிடாதே. அந்தத் தேய்ந்த ஓரம்தான் தோசைக்கு அடியில் நுழையும்.

அன்னக்கொடி

சிம்மக்கல்
18.3.1978

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நம்புகிறேன். முலாம் போடவில்லை.

தங்கப்பொண்ணை அழவேண்டாம் என்று சொல். கொத்தனார் கரண்டி என்றதில் தப்பே இல்லை. நாற்பது வருஷம் நீ அதைக் கொண்டு பூச்சுவேலைதான் பார்த்திருக்கிறாய்.

மதர் மன்னிக்கட்டும், இன்று காலை என் கல்லில் ஒரு தோசை திருப்பிப் பார்த்தேன். என் வலது கைக்கு அடங்காமல் கிழித்துவிட்டது. சரி, அது உன்னுடையதுதான். ஆனால் முழுசாகத் தரமாட்டேன். ஒரு மாதம் உன் வீட்டில், ஒரு மாதம் என் வீட்டில். கொண்டுவந்து கொடுக்க நேரில்தான் வரவேண்டும். பார்சல் வாங்கமாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் முதல் தவணையோடு வருகிறேன். மாவு ஆட்டி வை. மீனும் வாங்கி வை. குழம்பு வேண்டாம், வறுவல். ஒருநாளாவது அந்தக் கரண்டி பிறந்த வேலையைச் செய்யட்டும்.

என்றும் உன்,
சோலை