வாசலைப் பார்த்த கப்பல்

பருத்தித்துறை
11.02.2024

அன்பின் அத்தானுக்கு,

மாமாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசம் குறைவில்லாமல் நடந்து முடிந்தது. வந்தவர்கள்: ஐயர், அவருக்கு உதவியாக அவருடைய தம்பி, உங்கள் தங்கை றஜிதா, அவள் கணவர் நடராசா, பக்கத்து வீட்டு இராசமலர் அக்கா, மாமாவோடு ஒரே வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போன தியாகலிங்கம் அண்ணை, நான். ஒருவரையும் விடாமல் எழுதியிருக்கிறேன். பிறகு யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது. நீங்கள் இருக்கவேண்டிய பலகையில் நடராசா இருந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார். வாழைக்காய்ப் பொரியலை எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாமா இருந்திருந்தால் உப்புக் குறைவு என்றிருப்பார்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது நடராசா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “மச்சான் இப்ப வேதக் கோயிலிலைதானே சீவியம். கழுத்திலை சிலுவை ஏறீற்றுதோ?” என்றார். தியாகலிங்கம் அண்ணைதான், “கூட்டுறவனுக்கு எல்லாக் கோயில் குப்பையும் ஒண்டுதான், நீ சுண்ணாம்பை இஞ்சாலை தா” என்று பேச்சை மாற்றினார். இத்தனை காலம் அந்தக் கோயிலைக் கூட்டித் துடைத்துத் திறந்து பூட்டுகிறீர்கள். அதன் உள்ளே எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. மூலஸ்தானம் எங்கே? எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள்? செருப்போடு போவீர்களோ? ஃபோனில் கேட்டால் “அது ஒரு பழைய கோயில்” என்பீர்கள், பிறகு மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். ஆறுதலாக இருந்து எழுதுங்கள்.

சண்டைக் காலத்தில் நீங்கள் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது, “ஐயாவைப் பாத்துக்கொள்ளும்” என்றீர்கள். பார்த்துக்கொண்டேன். இனி இந்த வீட்டில் என்னைப் பிடித்து வைத்திருக்க ஒருவரும் இல்லை. இதைச் சும்மாதான் எழுதுகிறேன்.

மிளகாய்த்தூளும் பழப்புளியும் பார்சலில் வருகின்றன. குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
அருந்ததி

டென்மார்க்
09.04.2024

அன்புள்ள அருந்ததிக்கு,

உம்முடைய கடிதமும் பார்சலும் சுகமாக வந்தன. ஈஸ்டர் வேலையால் பதில் பிந்திவிட்டது. ஐயாவுக்கு எல்லாம் முறையாகச் செய்வித்ததற்கு நான் என்ன சொல்ல. தியாகலிங்கம் அண்ணை வந்தது பெரிய ஆறுதல்.

நீர் கேட்டதால் கோயிலை நடந்து நடந்து பார்த்து எழுதுகிறேன். ஊரோ சின்ன ஊர், கடலோரம். கோயில் எண்ணூறு வருடம் இருக்கும் என்கிறார்கள். கருங்கல்லைச் சதுரித்து அடுக்கிய சுவர். சன்னல் குழிக்குள் ஓர் ஆள் ஏறி இருக்கலாம், அத்தனை தடிப்பு. வெளியே முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. நம் கோயிலில் சாமி கிழக்கைப் பார்க்கும். இங்கே சனம் கிழக்கைப் பார்க்கிறது, பலிபீடம் அந்தப் பக்கம்தான். கத்தோலிக்கராக இருந்த காலத்தில் கட்டினார்கள். பிறகு ஊரே லூத்தர் சபைக்கு மாறியது, கட்டடத்தை மாற்றவில்லை.

தெற்கு வாசலில் ஒரு முன்கூடம் உண்டு. முந்தி ஆண்கள் வாளையும் ஈட்டியையும் அதில் வைத்துவிட்டு உள்ளே போவார்களாம். நான் என் செருப்பை அங்கே கழற்றி வைக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை, கால் தானாகவே கழற்றிவிட்டது. இங்கர் என்று ஒரு வயதான மனுசி, தரை குளிரும் என்று கம்பளிக் காலுறை பின்னித் தந்தா.

முகடு குடையை விரித்தது போல வளைந்து நிற்கும். அதில் படங்கள்: ஒருவனை மீன் விழுங்குகிறது, ஒருத்தி தயிர் கடைய ஒரு பிசாசு உதவுகிறது. இடையில் ஒரு காலத்தில் இதெல்லாம் கூடாது என்று சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டார்களாம். பிற்காலத்தில் சுரண்டியபோது படங்கள் அப்படியே இருந்தன. பிரசங்க மேடை மரம், நுணுக்கமான செதுக்கு வேலை. அதன் தூசி தட்டவே ஒரு காலை போய்விடும். சனம் இருக்கும் நீள வாங்குகளுக்கு ஆட்டுப்பட்டிக்குப் போலச் சின்னச் சின்னக் கதவுகள். வடக்குப் பக்கம் பெண்கள், தெற்குப் பக்கம் ஆண்கள் என்பது பழைய வழக்கம். இப்போது யாரும் எங்கும் இருப்பார்கள். இங்கர் மட்டும் வடக்கை விடமாட்டா. ஞானஸ்நானத் தொட்டி கருங்கல்லில் குடைந்தது, அடியில் ஒரு சிங்கம். அதற்குள் வைக்கும் பித்தளைத் தட்டை உம்முடைய புளியால் தேய்த்தேன். மின்னுகிறது. பாதர் அம்மா (இங்கே போதகர் ஒரு பெண்பிள்ளை) மணந்து பார்த்துவிட்டு என்ன மருந்து என்று கேட்டா.

இன்னுமொன்று. கோயில் நடுவில் முகட்டிலிருந்து ஒரு கப்பல் தொங்குகிறது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அந்த நீளம், பாயும் கயிறும் எல்லாம் சரியாக. மாலுமிகள் நேர்ந்து வைத்தது. ஈஸ்டருக்கு முன் அதை இறக்கித் துடைத்து நானே திரும்பக் கட்டினேன். மூன்றாம் பூசையில்தான் இங்கர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கப்பல் எங்களை விட்டுப் போகுதே” என்றா. அதன் முன்பக்க அணியம் பலிபீடத்தைப் பார்க்கவேண்டுமாம். நான் வாசலைப் பார்க்கக் கட்டியிருக்கிறேன். ஐயா வள்ளத்தைக் கரையில் ஏற்றினால் அணியத்தைக் கடல் பக்கம் திருப்பித்தானே வைப்பார். வீட்டைப் பார்த்து நின்றால் ஏச்சு விழும். ஏணியில் நின்றபோது என் கைக்கு வேறு முறை தெரியவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். ஆறுதலாகத் திருப்பினால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

வாற வருடம் எனக்கு வேலை ஓய்வு. கோயில் மதிலோடு ஒரு சின்ன வீடு இருக்கிறது, உயிருள்ளவரை இருந்துகொள் என்று சபையில் சொன்னார்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்
பிரகலாதன்

பருத்தித்துறை
28.04.2024

அன்பின் அத்தானுக்கு,

ரசம் வைக்க அனுப்பிய புளியில் வேதக்காரரின் தட்டு மின்னுகிறது. நல்லது. அடுத்த பார்சலில் இரண்டு பங்காக வைக்கிறேன், ஒன்று உங்கள் வயிற்றுக்கு.

கடிதத்தைத் தியாகலிங்கம் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அணியத்தை வாசலுக்குத் திருப்பிய இடம் வந்ததும், “நிப்பாட்டு பிள்ளை, அதைத் திரும்ப வாசி” என்றார். வாசித்தேன். “ஆழ்வாப்பிள்ளையின்ரை பெடியன்தான்” என்று மாமாவின் பேரைச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

எனக்கும் அந்தக் கப்பல் மனதை விட்டுப் போகவில்லை. விளக்கு வைக்கும்போது அதையும் நினைத்துக்கொள்கிறேன். அது வாசலைப் பார்த்து நிற்கும்வரை எனக்கு ஒரு நிம்மதி. புறப்படத்தானே அப்படி நிற்கிறது என்று இருக்கும். விசர்க்கதை என்று சிரிக்காதீர்கள்.

அந்த வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முகட்டுப் படங்களுக்குக்கூட அதைவிடக் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். என்ன சொல்லப்போகிறீர்கள்? கப்பல் இப்போதும் வாசலைத்தான் பார்க்கிறதோ?

கிணற்றடி மாதுளை காய்த்திருக்கிறது. அணில் தின்றது போக மிச்சம் றஜிதாவுக்குக் கொடுத்தேன்.

உங்கள்
அருந்ததி

டென்மார்க்
26.05.2024

அன்புள்ள அருந்ததிக்கு,

கப்பலைத் திருப்பிவிட்டேன்.

பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முதல் நாள் இங்கர் கம்பூன்றிக்கொண்டு வந்தா. அந்தக் கப்பலைச் செய்தவர் அவவுடைய அப்பப்பாவாம். ஒரு புயலில் ஊர்ப் பெடியங்கள் எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நேர்ந்து வைத்தது. “அது போற கப்பல் இல்லை. வந்து சேர்ந்த கப்பல்” என்றா. அதற்கு மேல் என்ன கதைக்க? ஏணியை வைத்து ஏறிக் கட்டை அவிழ்த்தேன். நான் மேலே நிற்கும்போது வடக்குப் பக்க வாங்கில் இருந்துகொண்டு அவ கேட்டா: “உன்ரை மனுசி வந்தா எந்தப் பக்கம் இருப்பா?”

அணியத்தைப் பலிபீடத்துக்குத் திருப்பி முடிச்சை இறுக்கினேன். இறங்கி ஏணியை மடக்கி வைத்தேன்.

வீட்டுக்கு ஓம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு அறை. கிழக்குப் பக்கம் ஒரு சன்னல் இருக்கிறது. வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்
பிரகலாதன்

பருத்தித்துறை
16.06.2024

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று விளக்கு வைத்துவிட்டுச் சாமியிடம் ஒன்றும் கேட்காமல் எழும்பிவிட்டேன். சில நாள் உங்களோடு கோபமாக இருந்தேன். நீங்கள் ஃபோன் எடுத்தபோது கோழிக்குத் தீன் போடுகிறேன் என்று சொன்னது பொய்.

பிறகு போன வருடம் மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீங்கள் வந்து நின்றதை நினைத்துப் பார்த்தேன். காலையில் எழும்பி முற்றம் கூட்டுவீர்கள். கூட்டி முடித்து விளக்குமாற்றைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பீர்கள். சொந்த வீட்டில் ஒருவர் அப்படி நிற்கமாட்டார். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். அங்கே கோயிலில் அந்தப் பித்தளைத் தட்டு எங்கே இருக்கும், ஏணி எங்கே சாத்தி நிற்கும் என்று இருட்டிலும் உங்களுக்குத் தெரியும். ஆகவே வீட்டுக்கு ஓம் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. இங்கர் அம்மாவின் கேள்விக்குப் பேசாமல் இறங்கி வந்தீர்களே, அதுதான் வருத்தம்.

மாமா இருக்கும்வரை நீங்கள் என்னைக் கூப்பிட ஏலாது, எனக்கு வரவும் ஏலாது. அதனால் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றிக் கதைக்காமலே இருந்துவிட்டோம். இப்போது அவர் இல்லை. இருந்தும் நாங்கள் மழையைப் பற்றித்தான் கதைக்கிறோம்.

இங்கர் அம்மாவுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நான் வடக்குப் பக்கம், அவவுக்குப் பின் வாங்கில் இருப்பேன். வாங்குக் கதவை நானே திறந்து நானே சாத்துவேன். திருநீறு பூசிக்கொண்டுதான் இருப்பேன், அதில் பேச்சில்லை. வீட்டில் அந்தக் கிழக்குச் சன்னலுக்கு எதிர்ச் சுவரில் என் சாமிக்கு ஒரு பலகைத் தட்டு அடிக்கவேண்டும், அப்போதுதான் சாமி கிழக்கைப் பார்க்கும். வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத் திருவிழா முடிந்ததும் ஒரு போத்தலில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு வெளிக்கிடலாம். வீட்டைப் பூட்டித் திறப்பை றஜிதாவிடம் கொடுப்பேன். நடராசா மாதுளையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், சிலுவையைப் பற்றி நான் வந்து எழுதுகிறேன்.

இவ்வளவும் யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் கூப்பிடாமல் வரமாட்டேன். ‘கிழக்குப் பக்கம் ஒரு சன்னல் இருக்கிறது’ என்று எழுதினீர்கள். சன்னல் இருக்கிறது என்பது கூப்பிடுவது ஆகாது, அத்தான். கலியாணம் செய்த நாளிலிருந்து நீங்கள் என்னை ‘இரும்’ என்று சொல்லியிருக்கிறீர்கள், ‘பாத்துக்கொள்ளும்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். ‘வாரும்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வரச் சொல்வதென்றால் வாரும் என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். அழுதுவிட்டு விளக்கு வைப்பேன், இங்கேயும் எனக்குக் கோயில் இருக்கிறது. ஃபோனில் சொல்லவேண்டாம், எழுத்தில் வேண்டும். இந்தக் கடிதம் கண்டதும் கெதியில் பதில் போடுங்கள்.

உங்கள்
அருந்ததி