எரிக்கின் மூக்குக்காக நடந்த ஜெபம்

அன்பு மகன் எரிக்குக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், டொரன்டோ குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. அன்று போனில் நீ, என் மூக்கு கோணலா இல்லையா, ஒரே ஒரு தடவை சொல்லுங்கப்பா என்று கெஞ்சினாய், நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதிலிருந்து நம் ஊர் கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்கு நடப்பதும் திரும்புவதுமாக இருக்கிறேன், பெங்களூர் வண்டியில் வந்து இறங்குகிறவர்கள் இன்னாண்ணா, யாரைத் தேடறீங்க என்று கேட்கிறார்கள். வீடியோ கால் என்றால் ஓரத்தில் உன் முகம் உனக்கே தெரியும், மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பாய், அதனால்தான் கடிதம்.

போனை நான் கோபத்தில் வைக்கவில்லை. உன் தெரபிஸ்ட் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்: இது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர், தோற்றத்தில் இல்லாத குறையும் பெரிதாகத் தெரியும் நோய், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிபிடி சிகிச்சையில் கண்ணாடி பார்ப்பதையும் பிறரைக் கேட்பதையும் எரிக் குறைத்துப் பழகுகிறான், நல்லாயிருக்கிறது என்று நீங்கள் சொன்னால் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கும், பிறகு கேட்கும் வேகம் இன்னும் கூடும் என்று. அம்மாவுக்கும் புரிந்தது, ஆனாலும் மனசு கேட்காமல் பியாட்ரிஸ் ஆன்ட்டி வீட்டு ஜெபக்கூட்டத்தில் எரிக்கின் மூக்குக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஜெபித்ததோடு விட்டிருக்கலாம். சபையில் பாதிப்பேர் உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். உனுக்கு இன்னாடா கொறச்சல், ராஜா மாதிரி கீற என்று ஆனி அத்தை, அது உங்கப்பன் மூக்குடா, அதுக்கு இன்னா பண்றது என்று மேக்ஸ்வெல் மாமா. அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை நீ என்னையும் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் நிறுத்தச் சொன்னேன். புள்ளய அழகுன்னு சொல்றதுக்கும் தடையா, இது எந்த ஊர் வைத்தியம் என்று பியாட்ரிஸ் சண்டைக்கு வந்தார். அம்மா அழுதாள், இப்போது அவளே எல்லாருக்கும் போன் செய்து தடுக்கிறாள்.

இந்தக் குழப்பத்தில் மூக்கை மறைக்கும் மாஸ்க் இல்லாமல் ஆபீஸுக்கு ரயிலில் போகும் சிகிச்சைப் பயிற்சியை நீ விட்டுவிட்டாய் என்று உன் அக்கா ஸ்வீட்டி சொன்னாள். போன வருஷம் போல் மறுபடியும் அறைக்குள்ளேயே அடைந்துவிடுவாயோ என்றுதான் என் தவிப்பு. இதைப் படித்த மறுநாளே ஒரு ஸ்டேஷன் தூரமாவது போய் வா. அந்த மெசேஜ்களை அழித்துவிடு, ஆனி அத்தைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தெரபிஸ்டைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடாதே.

கர்த்தர் உன் பக்கத்திலேயே இருப்பாராக. பதில் சொல்லாதது சரி, போனை வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு. மூக்கைப் பற்றிக் கேட்டால் அப்போதும் சொல்லமாட்டேன். நீ கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் நானாகப் போனை வைக்கமாட்டேன்.

உன் அப்பா,
இன்பராஜ்
கோரமண்டல், தங்க வயல்