பாதியில் நின்ற பூட்ஸ் கட்டுரை

அனுப்புநர்
கோ. செல்வாம்பாள்,
ஆறாம் வகுப்பு ஆசிரியை,
கடலோர நடுநிலைப் பள்ளி,
வைத்திக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: பட்டறை முறையில் பாடம் நடத்துவதை நிறுத்தச் சொல்லும் குறிப்பாணையை ரத்து செய்யவும், ஆய்வாளர் அவர்களை மீண்டும் ஒரு பாடவேளைக்கு அனுப்பவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இந்த மனுவைக் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வகுப்பில் நடந்ததை நினைத்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. மனுவில் அதன் சாயல் தெரிந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. இந்த ஆண்டு தமிழ், கணக்கு, அறிவியல் மூன்றுக்கும் ஒரே அமைப்பில் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். முதல் பத்து நிமிடம் ஏதாவது ஒரே ஒரு விஷயத்தை நான் சொல்லிக் கொடுப்பேன். பிறகு பிள்ளைகள் அதைத் தாங்களே செய்து பார்ப்பார்கள். நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்த் தரையில் உட்காருவேன். கடைசியில், செய்ததை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். இதைத்தான் பட்டறை என்கிறோம். வகுப்பில் யாரும் சும்மா இருக்கக் கூடாது, தொடங்கியதைப் பாதியில் விடக் கூடாது என்பவை பிள்ளைகளே போட்டுக்கொண்ட சட்டங்கள்.

3. சென்ற புதன்கிழமை ஆய்வாளர் திரு. ஜானகிராமன் அவர்கள் வந்தபோது, தொலைத்த பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். நான் பிள்ளைகளுக்கு நடுவே பாயில் இருந்ததால், ஆசிரியர் எங்கே என்று வாசலில் நின்று தேடினார். ஒருவர் சும்மா நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் சட்டப்படி தாளும் பென்சிலும் கொடுத்து, நகர்ந்து இடம் விட்டார்கள். நான் பதறி எழுவதற்குள் அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

4. தம் முறை வந்ததும் அவரே எழுந்து படித்தார். அவருடைய தந்தை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவராம். சிறுவயதில் இவர் அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போக, ஒன்றை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலில் நின்றதோடு தாள் முடிந்தது.

வேம்பு என்று ஒரு மாணவி. பள்ளி திறந்த நாள் முதல் வகுப்பில் வாய் திறந்ததில்லை. முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் எழுந்து, "அப்பறம் உங்க அப்பா இன்னா சொன்னாரு சார்?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஜீப் காத்திருந்ததால் அவர் பதில் சொல்லாமலே புறப்பட்டார். வேம்பு வாய் திறந்த சந்தோஷத்தில் எனக்கு அவரை வழியனுப்பவும் தோன்றவில்லை.

5. மறுநாள் அறிவியல் பாடவேளையில் தோல் பூட்ஸ் மிதக்குமா முழுகுமா என்று பெரிய சண்டை. பள்ளியிலிருந்த செருப்புகள் எல்லாம் வாளித் தண்ணீரில் இறங்கின. தலைமையாசிரியர் வீட்டுக்குப் போகும்போது செருப்பு ஈரமாக இருந்ததற்கு இதுவே காரணம். கணக்கில் பாதத்தை அளந்து, அப்பாவின் பூட்ஸ் பிள்ளையின் காலைப்போல் எத்தனை மடங்கு என்று பின்னம் போட்டார்கள். இரண்டிலும் விடையை எழுந்து சொன்னது வேம்பு.

6. நேற்று குறிப்பாணை வந்தது. ஆசிரியை பத்து நிமிடம் மட்டுமே போதித்தார், மீதி நேரம் பாடம் நடைபெறவில்லை, வரும் திங்கள் முதல் எல்லாப் பாடங்களையும் கரும்பலகையில் மட்டுமே நடத்த வேண்டும் என்று அதில் உள்ளது. ஆய்வாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆய்வுப் படிவத்தில் ஆசிரியர் பேசிய நேரத்தைக் குறிக்கத்தான் இடம் இருக்கிறது, மாணவி பேசியதைக் குறிக்க இடமில்லை. ஆனால் பட்டறை நின்றால் வேம்பு பழையபடி தலையைக் குனிந்துகொள்வாள். அதைப் பார்க்க என்னால் முடியாது ஐயா.

7. ஆகவே, குறிப்பாணையை ரத்து செய்து, மூன்று பாடங்களையும் இதே முறையில் தொடர அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஆய்வாளர் அவர்களை ஒரு பாடவேளைக்கு அனுப்பி வைக்கவும் வேண்டும். அவருக்குப் பாயில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு வேலை அதிகம், வர இயலாமல் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தொடங்கியதைப் பாதியில் விடக் கூடாது என்பது யாராக இருந்தாலும் சட்டந்தான் என்கிறாள் வேம்பு. இப்போதெல்லாம் அவளிடம் என்னால் பேசி ஜெயிக்க முடிவதில்லை.

இடம்: புதுச்சேரி
நாள்: 18-2-1986

தங்கள் பதிலுக்கு வகுப்போடு காத்திருக்கும்,
கோ. செல்வாம்பாள்