தகரச் சத்தமும் தஸ்ஸதீத்தின் காதும்

தஸ்ஸதீத்,

உன் தம்பியின் மருதாணி விழாவுக்கு ஒலிபெருக்கியோடு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். கூஸ்கூஸுக்குக் குழம்பு அடுப்பில் இருக்கிறது, உப்பு மட்டும் பார். சாவியைப் பக்கத்து வீட்டு ஸஹ்ராவிடம் கொடு.

போன விசேஷத்தில் ஒலிபெருக்கியில் கிதார் ஊளையிட்டபோது உன் தம்பி மொக்ரான், "மச்சான், வாசிக்க வந்தீங்களா, நரி மேய்க்க வந்தீங்களா?" என்று கேட்டான். அதனால்தான் கிதாரின் துளையை ரப்பர் மூடியால் அடைத்தேன். ஊளை நின்றது. நேற்று நீ, "இப்ப தகர டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு" என்றாய். நான் கத்தினேன். அதிலிருந்து நீ பேசவில்லை.

நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். மூடியை எடுத்தால் ஊளை, போட்டால் தகரம். ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்காருகிற எனக்குக் கூடத்தில் எப்படிக் கேட்கிறது என்றே தெரியாது. இன்றும் சொதப்பினால் நாளைய கல்யாணத்துக்கு மொக்ரான் திஸி ஊஸு நகரத்திலிருந்து கீபோர்டுக்காரனைக் கூப்பிடுவானாம்.

அரெஸ்கி

பி.கு.: முதல் பாட்டு நன்றாகக் கேட்டால் பெண்கள் பக்கத்திலிருந்து குலவை போடு. தகரமாகக் கேட்டால் போடாதே, மூடியைப் பாதி நகர்த்திப் பார்க்கிறேன்.

இன்னொன்று: கோபத்தில் போடாமல் இருந்துவிடாதே. எனக்கு வித்தியாசம் தெரியாது.