வலப்பக்கம் திரும்பாத வண்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

பனி. எதிரே வரும் பஸ்ஸின் விளக்குகூட பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அடிவாரம் போய், பிக்கப்பைக் கழுவி, குளித்து, அதற்குள் மதியம்.

பிறகு அண்ணனும் நானும் வாங்கின கார்ட் பந்தய வண்டி வேலை. வீட்டுக் களத்தில் காய்ந்த மிளகை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அங்கே நிறுத்தினோம். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மொளகு காயற எடத்துல பொம்ம வண்டிய நிறுத்தி வெச்சிருக்குதுங்க பாரு."

பொம்மை வண்டிதான். கதவில்லை, கூரையில்லை, ஸ்பிரிங்கும் இல்லை. வெறும் குழாய்ச் சட்டம். திருப்பத்தில் அந்தச் சட்டமே முறுக்கிக்கொண்டு உள்பக்கத்துப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்க வேண்டும். தூக்கினால் திரும்பும். இல்லாவிட்டால் நேராகப் போகும். அண்ணன் இதை மூன்று முறை சொன்னான். முதல் முறையே புரிந்தது.

நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எடை மிஷின். நான் ஹெல்மெட்டோடு சீட்டில். பலாமரத்து மூலையில் நின்ற இடது முன்சக்கரத்தில் எடை குறைவு. அண்ணன் வாஷர் மாற்றி அந்தச் சக்கரத்தைக் கீழே இறக்கினான். எடை சரியாகிவிட்டது. அவனுக்கு ஒரே பெருமை. எனக்கும்.

16ந் தேதி கோயம்புத்தூரில் பந்தயம். புதிதாக ஓட்டுகிறவர்கள் பிரிவு. என் பேர் கொடுத்தாயிற்று!

வாங்க: செயின் ஸ்பிரே, கையுறை (சின்ன சைஸ்), அம்மாவுக்கு முட்டித் தைலம்.

பிப்ரவரி 8, சனி

நாமக்கல் போகும் வழியில், அண்ணன் வேலை பார்க்கிற லாரி பாடி பட்டறையின் காங்கிரீட் தரையில் பழகினேன். வெயில். காலி ஆயில் டின் வைத்து வளைவு.

இடப்பக்கம் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. வலப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் நேரே டின் மேல்தான். மறுபடி டின். மறுபடி. உள்ளங்கை கன்றிப்போச்சு.

அண்ணனிடம் சொன்னேன். "வண்டியில என்ன இருக்குது? எடையெல்லாம் பாத்துத்தான குடுத்திருக்குது. நீதான் பயந்துக்கிட்டு அரகொறையா ஒடிக்கற."

பயமா? தினம் எழுபது வளைவு சுமையோடு ஏறி இறங்குகிறவளுக்கு ஆயில் டின்னைப் பார்த்துப் பயமா?

கோகுல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறை முதலாளியின் மகன், இன்ஜினியரிங் முடித்தவன். "உங்க தங்கச்சிக்கு மலையில ஓட்டித்தானுங்க பழக்கம். காலு பிரேக் மேலயே இருக்கும்." அண்ணன் சிரித்தான். கோகுல் சொன்னதற்கு ஒன்றுமில்லை, அவன் யாரோ. அண்ணன் சிரித்ததுதான் வரும் வழியெல்லாம் காதில்.

கோகுல் சொன்னால் அண்ணனுக்கு எல்லாமே சிரிப்புதான். அந்தப் பட்டறையில் தன்னை ஃபோர்மேன் ஆக்குவார்கள் என்று நினைப்பு.

கையுறை கிடைத்தது. கொஞ்சம் பெரிசு.

பிப்ரவரி 9, ஞாயிறு

தலைவலி. லோடு இல்லை. நிஜமாகவே எனக்குத்தான் ஓட்ட வரவில்லையோ?

பிப்ரவரி 12, புதன்

காலையில் திடீர்த் தூறல். அம்மா கத்த, ஓடிப்போய் மிளகை அள்ளினேன். சாக்கிலிருந்து சிந்தினது அத்தனையும் உருண்டு பலாமரத்து மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. எப்போதும் அங்கேதான் போகும். சின்னப் பிள்ளையிலிருந்து அந்த மூலையில்தான் கடைசியாகக் கூட்டி அள்ளுவேன். மழைத் தண்ணீர் வடியட்டும் என்று அப்பா அந்த மூலையை மட்டும் பள்ளமாகப் பூசச் சொன்னது.

முறத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். இடது முன்சக்கரம் நின்றது அந்தப் பள்ளத்தில்தானே! எடை குறையாமல் என்ன செய்யும்? பள்ளத்துக்குத் தகுந்த மாதிரி சக்கரத்தை இறக்கிவிட்டு, சமதரையில் கொண்டுபோய் ஓட்டினால் எதிர்மூலை வலது பின்சக்கரம் தரையோடு அழுந்திக் கிடக்கும். அது தூக்காமல் வலப்பக்கம் எப்படித் திரும்பும்? என் தப்பு இல்லை. என் கை தப்பு இல்லை, கால் தப்பு இல்லை!

அண்ணனிடம் சொல்ல ஷெட்டுக்கு ஓடினேன். ஆள் இல்லை. கார்ட் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்துவிட்டுச் சும்மா ஏறி உட்கார்ந்தேன்.

பிரேக் எட்டவில்லை.

இறங்கிப் பார்த்தேன். சீட் பின்னால் தள்ளியிருக்கிறது. பழைய போல்ட் ஓட்டைகள் வெறுமனே. புதுசாக ட்ரில் போட்டு, கீழே இரும்புத் தூள் பெருக்காமல் கிடக்கிறது. யாருடைய காலுக்கு அந்த நீளம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "நேத்து நீ லோடு போனப்ப அண்ணன் ஒத்தையா அதுல குக்கிக்கிட்டு எட பாத்துச்சு சாமி. அந்தப் பட்டறத் தம்பியும் தானும் ஒரே எடைன்னுச்சு." எங்கே வைத்துப் பார்த்தான்? களத்தில். அதே மூலை.

மிளகு விஷயம் வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நானே கேட்டேன். அண்ணன் பைக் டயரைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

"இந்தத் தடவ கோகுல் ஓட்டட்டும் அம்மணி. அவிய அப்பாவுக்கும் சந்தோசம். உனக்கு அடுத்த தடவ."

"என் பேரு?"

"மாத்தியாச்சு."

அப்புறம், டயரைப் பார்த்தபடியே: "பிக்கப்ப நீதான் ஓட்டோணும். எனக்கு மலைரோடு சேராதுன்னு தெரியுமில்ல." மூன்றாவது வளைவில் வாந்தி எடுக்கிற மெக்கானிக்.

இருவரும் சேர்ந்து வாங்கின வண்டி. ஓட்ட வேறு ஆள். கொண்டுபோய் இறக்க நான். அழுகை வரவில்லை, எரிச்சல்தான்.

பள்ளத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லமாட்டேன். இது நல்ல குணமில்லை, தெரியும்.

பிப்ரவரி 17, திங்கள்

மறுபடி பனி. நேற்று எழுதத் தெம்பில்லை.

கோயம்புத்தூர். நல்ல டிராக், கண்ணாடி மாதிரித் தரை. கோகுல் புது ரேஸ் சூட்டில். பழகும் சுற்று முடிந்து உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினதும் முதல் வார்த்தை: "அண்ணா, வலப்பக்கம் திரும்பவே மாட்டேங்குதுங்க. நேரா போகுது."

நான் சொன்ன அதே வார்த்தை. ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை.

அண்ணன்: "அப்படீங்களா? எறங்குங்க. வண்டியிலதான் ஏதோ கோளாறு."

நான் சொன்னால் எனக்குக் கோளாறு. அவன் சொன்னால் வண்டிக்கு.

அடியில் படுத்துப் பார்த்தான், டயரில் காற்றைக் குறைத்தான், தலையைச் சொறிந்தான். அடுத்த சுற்றில் கோகுல் தடுப்பை உரசிக்கொண்டு வந்தான். மோதினால் வளைவது என் சட்டமும்தான். ஆளுக்கும் அடிபடும். சொல்லிவிட்டேன். மிளகு, மூலை, பள்ளம், வாஷர்.

அண்ணனுக்கு முகம் செத்துப்போச்சு. அப்புறம் என்னைப் பார்த்து: "இத ஊட்டுலயே சொல்றதுக்கென்ன?"

"சீட்ட மாத்துனத நீ ஊட்டுல சொன்னியா?"

டூல்ஸ் பெட்டியைத் திறந்தான். வாஷரை மாற்றினான். வண்டி இரண்டு பக்கமும் திரும்பியது. கோகுல் ஆறாவதாக வந்தான். அறிவிப்பாளர் மைக்கில் கேட்டபோது, "நானும் அண்ணனும் செட்டிங் கண்டுபிடிச்சோமுங்க" என்றான். அண்ணன் தரையைப் பார்த்தான். இல்லை என்று சொல்லவில்லை.

கோகுல் அவன் காரில் போய்விட்டான். பிக்கப்பில் நானும் அண்ணனும், பின்னால் வண்டி. பாதி வழியில், "வண்டிய பட்டறையிலயே எறக்கிரலாம். கோகுல் அங்கயே பழகிக்கறேங்கறாப்ல" என்றான்.

பட்டறை வந்தது. கியரைக்கூடக் குறைக்கவில்லை.

"ஏ அம்மணி, பட்டற தாண்டிருச்சு."

"தெரியும்."

அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி மலை ஏறினோம். மூன்றாவது வளைவில் வழக்கம்போல அவனுக்குக் குமட்டல். நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தான்.

வண்டி இப்போது களத்தில், பலாமரத்துக்கு எதிர் மூலையில். அம்மா மிளகைக் கொட்டப் போகிறாள், அதற்குள் சீட்டைப் பழைய ஓட்டைக்கு மாற்ற வேண்டும். அண்ணன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் பெட்டியிலிருந்து பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.